கரண்ட் வந்ததும் ஊமையாகும் ஆறு ஸ்பீக்கர்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். 1960களில், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் டர்பனின் மற்ற பகுதிகளிலிருந்து கிளப்பிவிடப்பட்ட இந்திய வம்சாவளிக் குடும்பங்களுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகளில் இதுவும் ஒன்று. இந்தச் சின்னக் கூடத்தில் 5.1, அதாவது ஐந்து ஸ்பீக்கரும் அடியொலிக்கு ஒரு வூஃபரும், வைத்தே தீருவது என்று 2021இல் நான் இறங்கியபோது, வீட்டுக்காரத் தாத்தா கேட்டது ஒரே கேள்வி, அதுவும் ஆங்கிலத்தில்: வூஃபர் எந்தச் சுவர் ஓரம் வரும்? அவரிடம் தமிழ்ச் சொற்கள் நிறைய உண்டு, வாக்கியங்கள்தான் குறைவு.

ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கக் கணினி (இனி 'பை'), ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்துப் பெருக்கித் தரும் ஏவி ரிசீவர் (செகண்ட் ஹேண்டில் பிடித்த பழசு), ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். இவ்வளவுதான் சாமான்.

பையின் ஹெட்போன் துளையில் வருவது வெறும் ஸ்டீரியோ. மேலே செருகும் ஒலி அட்டைகளிலும் பெரும்பாலானவை இரண்டு சேனலோடு நின்றுவிடும். டிவியின் ஆப்டிகல் துளை வழியாக ரிசீவருக்குக் கொண்டுபோகலாம் என்று முதலில் நினைத்தேன். ஒரு வார இறுதி முழுக்க வீண். அந்தக் கம்பி சுருக்கப்படாத ஒலியில் இரண்டு சேனல்தான் சுமக்கும், 5.1 வேண்டுமென்றால் டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ்ஸாகவோ சுருக்கி அனுப்பவேண்டும், அதையும் டிவி மனசு வைத்து மறுபக்கம் விடவேண்டும். என் டிவி விடவில்லை. பையிலிருந்து ஹெச்டிஎம்ஐ நேராக ரிசீவருக்கு, ரிசீவரிலிருந்து டிவிக்கு. இந்த வரிசைதான் சரி. ஹெச்டிஎம்ஐயில் சுருக்கப்படாத ஒலி எட்டு சேனல் வரை போகும். படம் எந்த வடிவத்தில் இருந்தாலும் பையே பிரித்துக் கொடுத்துவிடுவதால், பழைய ரிசீவருக்குப் புதுக் கோடெக் (ஒலியைச் சுருக்கும் முறை) எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. டால்பி அட்மாஸில் தலைக்கு மேலிருந்து வரும் உயர ஒலி மட்டும் இப்படிப் பிரிக்கும்போது போய்விடும். எங்கள் கூரை உயரத்துக்கு அதில் எனக்கு வருத்தமில்லை.

முதல் நாள் சோதனையை மறக்க முடியாது. ஸ்பீக்கர் டெஸ்ட் நிரலில் ஒரு பெண் குரல் ஒவ்வொரு ஸ்பீக்கர் பெயராகச் சொல்லும். 'ஃப்ரண்ட் சென்டர்' என்று அவள் சொன்னது வூஃபரிலிருந்து, போர்வைக்குள் படுத்துக்கொண்டு முனகுவதுபோல் வந்தது. ஒயரை மாற்றிச் செருகிவிட்டேனா என்று ரிசீவருக்குப் பின்னால் அரை மணி நேரம் குனிந்து கிடந்தேன். ஒயரில் குற்றமில்லை. லினக்ஸில் ஒலியைக் கவனிக்கும் பகுதியான ஆல்சா, சேனல்களை முன் இரண்டு, பின் இரண்டு, பிறகு சென்டர், வூஃபர் என்று எண்ணும். வேவ் என்ற ஒலிக் கோப்பு முன் இரண்டு, சென்டர், வூஃபர், பின் இரண்டு என்று அடுக்கும். ஹெச்டிஎம்ஐயிலோ முன் இரண்டுக்கு அடுத்து வூஃபர், அதன் பிறகுதான் சென்டர். நடுவில் யாராவது ஒருவர் மொழிபெயர்க்கத் தவறினால் கதாநாயகன் வசனமெல்லாம் வூஃபருக்குள் போய்விடும். சேனல் வரிசையைக் கையால் திருத்தி எழுதிச் சரிசெய்தேன். பிறகு, கோடி (Kodi) என்ற படம் ஓட்டும் மென்பொருளுக்காகவே உள்ள லிப்ரெலெக் இயங்குதளத்துக்கு மாறி, அந்தக் கோடியில் 5.1 என்று தேர்ந்தெடுத்ததும் அந்தத் திருத்தம் தேவைப்படவில்லை. படம் பார்க்க மட்டும்தான் என்றால் முதலிலேயே அதைப் போட்டுவிடுங்கள். முழு டெஸ்க்டாப்பை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம்.

உண்மையான தலைவலி 2022, 2023இல் வந்தது. லோட் ஷெட்டிங் என்ற சுழற்சி மின்வெட்டு, கடுமையான ஸ்டேஜ் 6 அளவில் ஓடிய மாதங்களில் ஒரே நாளில் பல தடவை கரண்ட் போகும், வரும். வந்த கணமே பை தானாக எழுந்துவிடும். ரிசீவரோ ஸ்டாண்ட்பையில் தூங்கும். இரவு உட்கார்ந்து படம் போட்டால் முன்னால் இரண்டு ஸ்பீக்கர் மட்டும் பாடும். சில நாள் அதுவும் கிடையாது. காரணம் பிடிபடவே எனக்கு மூன்று மாதம் ஆனது. பை எழும்போது, எதிரே இருக்கும் கருவி 'என்னால் இத்தனை சேனல் முடியும்' என்று சொல்லும் எடிட் (EDID) தகவலைப் படிக்கும். ரிசீவர் தூங்கினால் அதைத் தாண்டி டிவியின் பதில் வந்து சேரும். டிவிக்குத் தெரிந்தது இரண்டு சேனல். பை அதையே வேதவாக்காக எடுத்துக்கொள்ளும்.

எல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது ரிசீவரின் எடிட்டைக் கோப்பாகச் சேமித்து, எழும்போது அதையே படிக்கும்படி செய்துவிட்டேன். லிப்ரெலெக்கில் கெட்எடிட் என்ற கட்டளையே இருக்கிறது. ஒரு வரி, ஒரு ரீபூட். மூன்று மாதம் தாத்தாவிடம் "இதோ வந்துரும் தாத்தா" என்று சொல்லிக்கொண்டிருந்ததற்கு முடிவு அந்த ஒரு வரி.

இந்தக் காலத்தில் இரண்டு எஸ்டி கார்டுகள் செத்தன. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அப்படித்தான். யூஎஸ்பி எஸ்எஸ்டிக்கு மாறியபின் அந்தப் பிரச்சினை இல்லை. ரவுட்டருக்கென்று இங்கே எல்லார் வீட்டிலும் இருக்கும் மினி யூபிஎஸ்ஸில் பையைச் செருகிப் பார்த்தது தப்பு. பை 4க்கு 5.1 வோல்ட்டில் 3 ஆம்பியர் வேண்டும். அந்தப் பெட்டியின் யூஎஸ்பி துளை அவ்வளவு தராது. மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் திரை மூலையில் மஞ்சள் மின்னல் குறி வரும். படம் முழுக்க அந்த மின்னல் கூடவே ஓடியது.

2024 மார்ச் கடைசியில் லோட் ஷெட்டிங் நிறுத்தப்பட்ட பிறகு பையைத் தொட வேண்டிய அவசியமே பெரும்பாலும் வரவில்லை. இப்போது பழுதாவது பின் ஸ்பீக்கர் ஒயர் முனைகள்தான். கடற்காற்றில் செம்பு பச்சை பிடிக்கிறது. சில மாதத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டி, புதிதாகச் சீவிச் செருகுகிறேன். வூஃபர் வாசல் பக்கச் சுவரோரம் ரப்பர் பாய்மேல் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து இதுவரை யாரும் சுவரைத் தட்டவில்லை. தட்டுவது தாத்தாதான், என் அறைக் கதவை, வெள்ளிக்கிழமை படம் எத்தனை மணிக்கு என்று கேட்க.