காய்ச்சல் பார்க்காமல் ஊசி போடுகிறவரைத் தொழுவுக்குள் விடாதீர்கள்

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல், சேரன்மகாதேவி பக்கம் வீட்டில் ஒன்றிரண்டு கறவை மாடு வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஊரிலிருக்கும் பெற்றோரிடமும் சொல்லுங்கள். பையை மாட்டிக்கொண்டு பைக்கில் வந்து மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டுப் போகும் ஒருவரால் எங்கள் பசுவைப் பறிகொடுக்க இருந்தோம். ஊரே அவரை டாக்டர் என்று கூப்பிடுகிறது. அவர் டாக்டர் இல்லை. பெயரைப் போடப் போவதில்லை. அவரைப் போல இன்னும் பல பேர் சுற்றுகிறார்கள், வேலை செய்யும் விதத்தை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க முடியும்.

எங்களுடையது ஜெர்சி கலப்பு, இரண்டாம் ஈத்து. அம்மாதான் பார்த்துக்கொள்கிறார், நான் பாளையங்கோட்டையில் வேலை. கன்று போட்டு மூன்று மாதம் நன்றாகக் கறந்த மாடு திடீரென்று பாலைக் குறைத்தது. தவிட்டுத் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது, அசை போடவில்லை. அம்மா அவரைக் கூப்பிட்டார். காடியருகே நின்று ஒரு பார்வை. “ஒண்ணுமில்ல சித்தி, சூடு பிடிச்சிருக்கு. ஊசி போடுதேன், சாயந்தரமே வைக்கோல இழுக்கும் பாருங்க.” சொன்னபடியே இழுத்தது. அதுதான் வினை.

ஒரு நாள் தின்னும், அப்புறம் மறுபடி படுத்துக்கொள்ளும். மறுபடி அவர், மறுபடி ஊசி. ஒரு தடவை சூடு என்றார், ஒரு தடவை ஈரல் வீக்கம், ஒரு தடவை கால்சியம் குறைவு. கால்சியம் பாட்டிலைக் கழுத்து நரம்பில் மளமளவென்று ஏற்றினார். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றே போகும் மருந்து அது. பூச்சி மருந்து, டானிக், குளுக்கோஸ் என்று ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஒரு மெடிக்கலில்தான் வாங்க வேண்டும், அங்கே பில் கேட்டால் “அவருகிட்ட கேட்டுக்கிடுங்க” என்பார்கள். வந்து போக 600 ரூபாய், மருந்துக் காசு தனி. இதற்கிடையில் பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னாள் என்று கண்ணேறு கழிக்கவும் ஆள் வந்தார். அவர் செலவு வெற்றிலை பாக்கோடு முடிந்தது. அவர் ஊசியும் போடவில்லை.

இவ்வளவுக்கும் அந்த மனிதர் ஒரு தடவைகூட மாட்டுக்குத் தெர்மாமீட்டர் வைக்கவில்லை. நான் ஊருக்குப் போன அன்று அம்மாவிடம் முதலில் கேட்டது காய்ச்சல் எவ்வளவு என்றுதான். “அதெல்லாம் அவரு தொட்டுப் பாத்தே சொல்லிருவாரு” என்றார் அம்மா. அவருக்கே போன் போட்டு என்ன ஊசி என்று கேட்டேன். “பேரு தெரிஞ்சு நீங்க என்ன தம்பி செய்யப் போறீங்க?”

இன்னொன்றையும் அம்மாதான் சொன்னார்: போட்ட ஊசியின் காலிக் குப்பியை அவர் போட்டுவிட்டுப் போவதே இல்லை, பைக்குள் வைத்துக்கொள்வாராம். சுத்தமான மனிதர் என்று அம்மா நினைத்திருக்கிறார். வைக்கோல் படப்புக்குப் பின்னால் துழாவியதில் இரண்டு குப்பி கிடைத்தன, அவசரத்தில் விழுந்திருக்க வேண்டும். ஒன்றில் லேபிளை நகத்தால் சுரண்டியிருந்தது, ‘டெக்ஸா’ என்பது மட்டும் மிச்சம். இன்னொன்று டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, மனிதர்களுக்கு விற்கும் குப்பி. அந்த ஊசி போட்ட மாடு செத்த பிறகு அதைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகள் செத்தழிகின்றன என்று மாடுகளுக்கு அதைக் கொடுப்பதை 2006-லேயே நாட்டில் தடை செய்துவிட்டார்கள். எங்கள் பக்கம் பிணந்தின்னிக் கழுகைப் பார்த்தவர்களே இப்போது கிடையாது, அது வேறு கதை.

டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு. போட்டால் காய்ச்சல் அடங்கும், மாடு கொஞ்சம் தின்னும். வீட்டுக்காரர்களுக்குக் கைராசி டாக்டர் என்ற எண்ணம் வந்துவிடும். உள்ளே நோய்க் கிருமி இருந்தால் அதை எதிர்க்கிற சக்தியையும் சேர்த்தே அது அடக்கிவிடும். கடைசி மாதங்களில் இருக்கும் சினை மாட்டுக்குப் போட்டால் கன்றே விழுந்துவிடும். எங்கள் மாடு அப்போது சினையாக இல்லாதது அதிர்ஷ்டம். பாலை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்றும் அவர் வாயைத் திறக்கவில்லை, பால் சொசைட்டிக்கும் வீட்டுக் காப்பிக்கும் அந்தப் பால்தான் போயிருக்கிறது.

அடுத்து நடந்தது இதைவிட மோசம். மாடு எழுந்து நிற்கவே தடுமாறிய அன்று அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “இது தேறாது சித்தி, கையக் கழுவிருங்க, கெடைக்கிறது கெடைக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் விடியற்காலையில் வாசலில் குட்டியானை வண்டியோடு ஒரு தரகர். நாங்கள் யாரிடமும் விற்கப் போவதாகச் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு மாடு எத்தனையாவது ஈத்து, எத்தனை நாளாகப் படுத்திருக்கிறது, எல்லாம் தெரிந்திருந்தது. 52,000 கொடுத்து வாங்கிய மாட்டுக்கு அவர் கேட்டது 14,000. “இன்னைக்குன்னா இந்த வெல அண்ணாச்சி, நாளைக்குன்னா தோலு வெலதான்.” இரண்டு பேருக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை. ஆனால் அதே தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் இதே வரிசையில் நடந்திருக்கிறது: ஊசி, ஊசி, ஊசி, ‘தேறாது’, மறுநாள் காலையில் வண்டி. அந்த இரண்டு வீட்டிலும் மாட்டை ஏற்றிவிட்டார்கள்.

தரகரைத் திருப்பி அனுப்பிவிட்டு அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போன் செய்தேன். அன்று சாயங்காலமே மருத்துவர் வந்தார். பையிலிருந்து அவர் முதலில் எடுத்தது தெர்மாமீட்டர். ஆசனவாயில் வைத்துப் பார்த்தார், 105-ஐத் தாண்டியிருந்தது. மாட்டுக்கு 101, 102 வரை சாதாரணம். கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினார், சிவப்பாக இருக்க வேண்டிய சதை வெளிறி, நடுவே ஊசிமுனைப் புள்ளியாக ரத்தக் கசிவு. அப்புறம் தோளுக்கு முன்னால் தடவி, அம்மாவின் கையைப் பிடித்து அங்கே வைத்து அழுத்தச் சொன்னார். தோலுக்கடியில் எலுமிச்சம்பழம் போல ஒரு கட்டி உருண்டது. “இது நெணநீர்க் கட்டிம்மா. இவ்வளவு வீங்கியிருக்கு, இத யாரும் தொட்டுப் பாக்கலயா?” வாலைத் தூக்கிப் பார்த்தார், மடி இடுக்கைப் பார்த்தார், உண்ணி. மண்சுவர் வெடிப்பில் குச்சியை விட்டுக் கிளறினார், அங்கேயும் உண்ணி.

ஆனாலும் அவர் உடனே ஊசி போடவில்லை. காது நுனியில் முடியை மழித்து, குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துக் காயவைத்தார். அந்தக் கட்டியிலிருந்தும் ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி இன்னொரு தகடு. அவற்றைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ராமையன்பட்டியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு மறுநாள் காலையில் போனேன். சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்து அன்றே சொல்லிவிட்டார்கள்: தைலேரியா. உண்ணி கடித்து ரத்தத்தில் ஏறும் ஒட்டுண்ணி. நாட்டு மாடு ஓரளவு தாங்கும், ஜெர்சி, எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு மாடுகளைத்தான் சாய்த்துவிடும்.

தகடு இல்லாமல் ஏன் ஊசி இல்லை என்பதை அந்த மருத்துவரே விளக்கினார். உண்ணியால் வரும் காய்ச்சல் ஒன்று அல்ல. பேபிசியா வந்தால் மூத்திரம் காப்பித் தண்ணீராகப் போகும், அதற்கு மருந்து வேறு. அனாபிளாஸ்மாவுக்கு டெட்ராசைக்ளின் வகை கேட்கும். தைலேரியாவுக்கு பூபார்வாக்குவோன். இது மாறி அதைப் போட்டால் நாளும் காசும் போகும், மாடும் போகும். உண்ணியே இல்லாமலும் தீனி எடுக்காமல் போகக் காரணங்கள் உண்டு: கன்று போட்ட சில வாரத்துக்குள் என்றால், கறவைக்குத் தீனி போதாமல் உடம்புக் கொழுப்பு கரைவதால் வரும் கீட்டோசிஸா என்று மூத்திரத்தில் பார்க்கலாம், கட்டுக்கம்பியோ ஆணியோ விழுங்கியிருந்தால் எக்ஸ்ரேயில் தெரியும், குடல் பூச்சியைச் சாணத்தில் பார்க்கலாம், மடி நோயைப் பாலில் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் ‘சூடு’ என்று பெயர் வைத்து ஒரே ஊசியைப் போடுகிறவருக்கு இது எதுவும் தேவையில்லை.

பூபார்வாக்குவோன் கழுத்துச் சதையில் ஆழமாகப் போட்டார், 48 மணி நேரம் கழித்து இன்னொன்று. ரத்தம் ஊற இரும்புச் சத்து தனியாக. அந்த ஊசிகளின் விலை, முன்னவருக்குக் கொடுத்த மொத்தத்தில் கால்வாசிகூட இல்லை. காய்ச்சல் விட்ட பிறகும் மாடு தேற நாளெடுத்தது, பால் இன்னும் பழைய அளவுக்கு வரவில்லை, இந்த ஈத்தில் வராது என்றே நினைக்கிறேன். தொழுவின் சுவர் வெடிப்புகளைச் சிமென்ட் வைத்துப் பூசிவிட்டோம். தைலேரியாவைப் பரப்பும் உண்ணி மாட்டின் மேல் இருக்கும் நேரம் போகச் சுவருக்குள்தான் ஒளிந்துகொள்ளுமாம், மாட்டுக்கு மட்டும் மருந்தடித்துப் பயனில்லை.

கேட்க வேண்டிய விஷயம் இதுதான். 1984-ஆம் ஆண்டு இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவர்தான் மாட்டுக்கு வைத்தியம் பார்க்கலாம். பதிவு எண் கேட்டால் உண்மையான மருத்துவர் கோபப்பட மாட்டார். சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள், காலிக் குப்பியை வாங்கி வையுங்கள். மாட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டிருந்து ஏதாவது ஆகிவிட்டால் மருத்துவர் சான்றிதழ் வேண்டும், இவரிடம் வாங்க ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் அரசின் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி உண்டு, அழைப்புக்குக் காசு இல்லை.

அந்த மனிதரைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்துப் பதிவு எண் கேட்டேன். “நான் டாக்டருன்னு எப்ப தம்பி சொன்னேன்? சித்தி கூப்பிட்டாங்க, ஒரு உதவிக்குன்னு வந்தேன்” என்றார். கொடுத்த காசைப் பற்றிக் கேட்டதும் பைக்கைக் கிளப்பிவிட்டார். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் இரண்டு குப்பிகளின் படத்தோடும், அந்த இரண்டு வீட்டுக்காரர்களின் கையெழுத்தோடும் மனு கொடுத்திருக்கிறேன். ரசீது இருக்கிறது. பதில் வந்ததும் எழுதுகிறேன்.