"ஒறிஜினல்" பிளக் எண்டு வித்து, ஹெட்டின்ரை மரையையும் அறுத்து விட்டாங்கள்: 14,700 ரூபா போச்சு

இறைப்பு மிஷின் வைச்சிருக்கிற ஆக்கள் தயவுசெய்து ஒருக்கா முழுக்க வாசியுங்கோ. மிஷின்ரை ஹெட் (சிலிண்டருக்கு மேல் மூடி, பிளக் ஏறுற இடம்) நேற்றுத்தான் லேத் பட்டறையிலை இருந்து திரும்பி வந்தது. கோவம் இன்னும் ஆறேல்லை. மொத்தமாப் போன காசு 14,700 ரூபா. ஒரு ஸ்பார்க் பிளக் மாத்தப் போய் வந்த செலவு இது! வாங்கேக்குள்ளை என்னத்தைப் பாக்க வேணும் எண்டதையும் கடைசியிலை எழுதுறன்.

மிஷின் 2 இஞ்சி பெற்றோல் பம்ப். ஹெட் அலுமினியம். அதுக்குப் போற பிளக் பி.பி.ஆர்.6.இ.எஸ். மரை 14 மில்லிமீற்றர் விட்டம், 1.25 பிச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம்), நீளம் 19 மில்லிமீற்றர். வெங்காயம் நட்டு ரெண்டாம் கிழமை, ஸ்ராட் எடுக்கிறதுக்குக் கயிறு ஏழெட்டுத் தரம் இழுக்க வேண்டி வந்துது. பழைய பிளக்கின்ரை முனை தேஞ்சு போச்சு, அவ்வளவுதான். யாழ்ப்பாண ரவுணிலை பம்ப் பாகங்கள் வித்து, அங்கேயே சேர்விஸும் செய்யிற ஒரு கடை. பேர் சொல்லேல்லை.

நம்பினது எந்த இடத்திலை எண்டால், முதலாளியே கவுண்டருக்கு வெளியிலை வந்து, பெட்டியை எங்கடை கண்ணுக்கு முன்னாலை உடைச்சுக் காட்டினார். "அண்ணை, இது ஒறிஜினல். வெளியிலை போலி கன சாமான் ஓடுது, நாங்கள் அதைத் தொடுறேல்லை. பிளக்கை நீங்கள் பூட்டாதேங்கோ, மரை போயிடும், எங்கடை பெடியன் பூட்டித் தருவான்." மரை போயிடும் எண்டு எச்சரிச்ச அதே கடைதான் மரையை அறுத்தது. பிளக் 1,800, சேர்விஸ் 3,500, ஆக 5,300 ரூபா கையிலை குடுத்தாச்சு. பில்லிலை "சேர்விஸ்" எண்ட ஒரு சொல் மட்டும்.

பெடியன் செய்தது இதுதான். மிஷினைப் பத்து நிமிசம் ஓட விட்டுப் பாத்தான். சூடு ஆறாமலே பழைய பிளக்கைக் கழற்றினான். புதுப் பிளக்கை விரலாலை ஒரு சுற்றுக்கூட விடேல்லை, முதல் மரையிலை இருந்தே நீட்டுப் பிடி ஸ்பனர். சரிஞ்சு ஏறிற பிளக் இறுகும், அதை அவன் "நல்லா இறுகுது" எண்டு நினைச்சு இன்னும் அமத்தினான். சுட்ட அலுமினியம் மெத்து, பிளக்கின்ரை மரை உருக்கு. உருக்கு தனக்கு ஒரு புது வழி வெட்டிக்கொண்டு போகும். சரியாப் பிடிச்ச பிளக் 19 மில்லிமீற்றருக்கும் விரலாலேயே கிட்டத்தட்ட 15 சுற்று உள்ளை போகும். ஒண்டு ரெண்டு சுற்றிலை இறுகினால் அது மரை மாறி ஏறுது. அந்த இடத்திலை நிப்பாட்டி வெளியிலை எடுக்க வேணும், வேறை கதையே இல்லை.

அடுத்த நாள் ஓட விட, பிளக்கடியிலை "ஸ்ஸ்" எண்டு ஒரு சத்தம். தண்ணி வாய்க்கால் பாதிக்குக்கூட வரேல்லை. பிளக்கைச் சுத்திச் சோப்புத் தண்ணி விட்டுக் கயிறை மெல்ல இழுக்க, நுரை கொப்பளிச்சுது. அமுக்கம் அதாலை போகுது. இதை லேசா எடுக்காதேங்கோ: பிளக் சீற்றிலை (ஹெட்டிலை அது வந்து முட்டுற இடம்) பொருந்தி இருந்தால்தான் சூடு ஹெட்டுக்குப் போகும், பொருந்தாட்டில் பிளக் முனை வெந்து உருகும். பெற்றோல் ராங் அதுக்கு மேலைதான் இருக்கு. சுடு வாயு அடிக்கிற இடத்துக்கு மேலை ராங்கை வைச்சு ஓட்டிறது தீயோடை விளையாடிறது. அரைகுறையாப் பிடிச்ச பிளக் ஓடேக்குள்ளை தெறிச்சும் போகும்.

ஆற விட்டுக் கழற்றேக்குள்ளைதான் முழுக்க விளங்கிச்சு. பிளக்கோடை சேந்து ஹெட்டின்ரை மரையும் வந்துது. மரைக்கு மரை சுத்திக்கொண்டு, மயிர்க்கம்பி மாதிரிப் பளபளவெண்டு ஒரு அலுமினியச் சுருள். நகத்தாலை தட்ட முழுசாக் கழண்டு கையிலை விழுந்தது.

பிளக்கும் பொய். வாசர் தானாக் கழண்டு விழுந்துது, நல்ல பிளக்கிலை வாசர் மரையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கும். முனை இடைவெளி 0.7 இலிருந்து 0.8 மில்லிமீற்றர் இருக்க வேண்டியது, பீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற தகடு) 0.95 போகுது. பேரிலை இருக்கிற "ஆர்" எண்டால் உள்ளை றெசிஸ்டர் (மின்தடை) இருக்கு எண்டு அர்த்தம். மீற்றரை மேல் முனையிலையும் நடு முனையிலையும் வைச்சால் ஏறக்குறைய 5 கிலோ ஓம் காட்ட வேணும். இது பூச்சியம். றெசிஸ்டர் இல்லாட்டிலும் பம்ப் ஓடும்தான், ஆனால் "ஆர்" எண்டு அடிச்சு வித்தது பச்சைப் பொய்.

கடைக்குக் கொண்டு போனால், முதல் நாள் "முதலாளி வெளியிலை". ரெண்டாம் நாள் "பெடியன் லீவு". மூண்டாம் நாள் முதலாளியே இருந்தார், பிளக்கைப் பாக்கவேயில்லை. "நீங்கள் வீட்டை கொண்டு போய் இறுக்கியிருப்பியள் அண்ணை. பிளக்குக்கு வரன்டி இல்லை." பிறகு போனும் எடுக்கிறேல்லை. 5,300 ரூபா வாங்கேக்குள்ளை "அண்ணை அண்ணை" எண்டு வந்த வாய்!

லேத்திலை ஹெட்டைக் கழற்றி, துளைச்சு, உருக்குப் புஷ் (உள்ளை இறுக்கிற குழாய்த் துண்டு) போட்டு 14 மில்லிமீற்றர் மரை வெட்ட 7,500. நல்ல பிளக் வேறை இடத்திலை 1,900. கூட்டிப் பாருங்கோ, 14,700. "ஹெட்டைக் கழற்றாமலே வெட்டித் தாறன்" எண்டு இன்னொரு ஆள் குறைச்சுக் கேட்டவர், குடுக்கேல்லை. அந்தத் தூள் சிலிண்டருக்குள்ளை விழுந்தால் சிலிண்டர்ச் சுவரையும் பிஸ்ரன் றிங்கையும் கீறிப்போடும், பிறகு 14,700 எல்லாம் சில்லறை. இதுக்கிடையிலை ஆறு நாள் இறைப்பு இல்லை. செம்மண் வெடிச்சு, வெங்காயத் தாள் நுனி மஞ்சளாப் போச்சு. அதுக்கு ஆர் கணக்குப் பாக்கிறது?

என்ன பாக்க வேணும் எண்டு விரிவா எழுதத்தான் இருந்தனான், நேரமில்லை, இப்ப இறைக்கப் போக வேணும். அவசரமா இவ்வளவும்:

மிஷின் ஆறினாப் பிறகுதான் பிளக்கில் கை வையுங்கோ. கழற்ற முதல் பிளக்கடி மண்ணை ஊதி எடுங்கோ. ஒரு துண்டு றப்பர் பெற்றோல் குழாயைப் பிளக்கின்ரை பீங்கான் பக்கத்திலை செருகி, அதாலை சுத்துங்கோ. மரை மாறினால் குழாய் வழுக்கும், மரை தப்பும். முதல் இடப்பக்கம் மெல்லச் சுத்தி, "டிக்" எண்டு விழுற இடத்திலை இருந்து வலப்பக்கம் சுத்துங்கோ. வாசர் சீற்றிலை முட்டினாப் பிறகு ஸ்பனராலை புதுப் பிளக்குக்கு அரைச் சுற்று, பழசுக்கு எட்டிலொண்டிலை இருந்து கால் சுற்று. அதுக்கு மேலை வேண்டாம்.

பிளக் ஓட்டை திறந்திருக்கேக்குள்ளை பக்கத்திலை பிளக்கைப் பிடிச்சு ஸ்பார்க் பாக்காதேங்கோ. உள்ளையிருந்து வாற பெற்றோல் ஆவி முகத்துக்கு நேரை பத்தும். ஓட்டை திறந்திருக்கேக்குள்ளை கயிறு இழுக்க வேண்டி வந்தால், சுவிச்சை நிப்பாட்டி வைச்சிட்டு இழுங்கோ.

பில்லிலை பிளக்கின்ரை முழு இலக்கமும் எழுதச் சொல்லுங்கோ. கேட்டால் பற்றுச்சீட்டுக் குடுக்க வேணும் எண்டு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டத்திலை இருக்கு. முறைப்பாடு எழுத்திலை, வாங்கி மூண்டு மாதத்துக்குள்ளை. நுகர்வோர் அதிகாரசபை இலக்கம் 1977. சுருளையும் பிளக்கையும் ஒரு பொலித்தீன் பையிலை போட்டு வைச்சிருக்கு. "தாங்கோ பாப்பம்" எண்டு கேட்டாலும் கடைக்காரனிட்டைக் குடுத்திட்டு வந்திடாதேங்கோ.