மெய்யியலுக்குள் எந்த வாசலால் நுழைவது?

கலைப்பீடம் கிடைத்து, மெய்யியலை ஒரு பாடமாக எடுக்கலாமா என்று யோசிக்கும் வன்னிப் பிள்ளைகளுக்கு இது. வவுனியா 2021இல் தனிப் பல்கலைக்கழகமானாலும் பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பம் ஆகிய பீடங்களோடுதான் தொடங்கியது. ஆகவே பலருக்கு ஏ9 வீதியால் போய், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலிதான். அளவையியல் (வாதம் சரியா என்று பார்க்கும் தர்க்கம்), இந்திய மெய்யியல், கிரேக்கரில் தொடங்கும் மேலைத்தேய மெய்யியல்: இதில் எதில் முதலில் காலை ஊன்றுவது?

ஏ.எல்.லில் அளவையியலும் விஞ்ஞான முறையும் எடுத்தவர்களுக்கு முதலாவது பழகிய தடம். மற்றவர்களுக்கு, வாக்கியங்கள் உண்மையா பொய்யா என்று குறியீட்டில் அடுக்கிப் பார்க்கும் உண்மை அட்டவணையைக் கண்டாலே தலை சுற்றும். குறியீட்டை விட்டுவிட்டு இதைப் பாருங்கள்: 'கிளிநொச்சியில் பெருமழை பெய்தால் இரணைமடுக் குளத்தில் தண்ணீர் ஏறும். தண்ணீர் ஏறியிருக்கிறது. ஆகவே கிளிநொச்சியில் பெருமழை.' சரி போலத்தான் தெரியும். வயல் செய்த எங்கள் அப்புவிடம் சொன்னால் சிரிப்பார். கனகராயன் ஆறு தெற்கே வவுனியாப் பக்கமிருந்து வருகிறது. அங்கே கொட்டினாலும் இங்கே குளம் ஏறும். முதல் இரண்டு வாக்கியமும் உண்மையாக இருந்தும் முடிவு பிழையாகலாம். இதை அப்பு அனுபவத்தால் சொல்வார், அளவையியல் வடிவத்தை வைத்தே சொல்லும். புள்ளியும் இதில் நியாயமாக வரும். விடை சரியென்றால் சரிதான். ஆனால் எதைக் கேட்பது என்பதை அது சொல்லித் தராது.

இந்திய மெய்யியல் லேசு என்று நினைத்து வருகிறவர்கள்தான் அதிகம் வழுக்குகிறார்கள். பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) எல்லாம் கோயிலில் கேட்ட சொற்கள். அதனால் விடைத்தாளில் பிரசங்கம் எழுதிவிடுவோம்; நானும் எழுதியிருக்கிறேன். சைவ சித்தாந்தம் காண்டல் (நேரே காண்பது), கருதல் (ஊகிப்பது), உரை (நூலின் சொல்) என்று அறிவின் வழிகளைப் பிரித்து வாதிடுவதை அப்புறம்தான் கவனித்தேன்.

என் தெரிவு மூன்றாவது, மேலைத்தேய மெய்யியல்; அதுவும் குப்பியில் (மாணவர்கள் தமக்குள் நடத்தும் வகுப்பில்) தரும் ரியூட்டால், அதாவது குறிப்புத் தாளால் அல்ல. ரியூட்டில் சோக்கிரதீஸ் என்றால் கி.மு. 399, நஞ்சு, அவ்வளவுதான். பிளேட்டோ எழுதிய 'யூதிப்ரோ' என்ற உரையாடலை நேரே வாசியுங்கள். சொந்தத் தகப்பன் மீதே கொலை வழக்குப் போட வந்தவனிடம் சோக்கிரதீஸ் கேட்பதை நம் ஊருக்கு மாற்றினால் இப்படி வரும்: வற்றாப்பளை அம்மனுக்குப் பிடித்ததால் ஒன்று புண்ணியமா, புண்ணியமாக இருப்பதால் அம்மனுக்குப் பிடிக்கிறதா? பொங்கல் நாளில் அம்மம்மாவிடம் கேட்டுப் பார்க்க வேண்டாம்.

தமிழாக்கம் கொஞ்சம் முரடாக இருந்தாலும் சின்னப் புத்தகம்தான். மாங்குளத்தில் பஸ்ஸில் சீற் கிடைத்தால் யாழ்ப்பாணம் இறங்குமுன் முடிந்துவிடும்.