பெரம்பூர் மிஸ் நடத்தும் ஓஇடி வகுப்பு: ஒரு நர்ஸின் அனுபவம்

வடசென்னையில் இருந்து பிரிட்டனுக்கோ அயர்லாந்துக்கோ போக நினைக்கும் நர்சுகள் என்னைப் பார்த்தால் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, எந்த கிளாஸ் போனீங்க?" ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸ்அப்பில் பாதி பாதியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடிக்கு நான் போன வகுப்புக்குப் பெயர்ப் பலகை கிடையாது. பெரம்பூரில், ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு தெருவில், தையல் கடைக்கு மேலே முதல் மாடி. நடத்துகிறவர் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்திய அம்மா. வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்தவர். எங்களுக்கு அவர் வெறும் 'மிஸ்'.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இந்த மதிப்பீடு யாருக்குப் பொருந்தும் என்று தெரியும். வீடு பழைய வண்ணாரப்பேட்டை. பன்னிரண்டாவது வரை தமிழ் வழி, அப்புறம் பி.எஸ்சி. நர்சிங். தனியார் மருத்துவமனையில் சர்ஜிக்கல் வார்டு. டாக்டரிடம் ஹேண்டோவர் கொடுக்கும் ஆங்கிலம் வரும், கேஸ் ஷீட் எழுத வரும். அதற்கு வெளியே ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச வாய்ப்பே வந்ததில்லை. என்னைப் போன்றவர்கள்தான் இங்கே அதிகம், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் எந்தத் தேர்வு என்ற கேள்வி. எல்லாத் துறையினரும் எழுதும் பொது ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ், ஓஇடி இரண்டையும் பிரிட்டனின் நர்சிங் கவுன்சிலான என்எம்சி ஏற்கிறது. ஐஇஎல்டிஎஸ் என்றால் லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7, ரைட்டிங்கில் 6.5 வேண்டும். ஓஇடி என்றால் அந்த மூன்றிலும் 350, ரைட்டிங்கில் 300. ஐஇஎல்டிஎஸ் கட்டணம் ஏறக்குறைய பாதிதான். நான் எழுதியபோது ஓஇடிக்கு 587 ஆஸ்திரேலிய டாலர், நம் பணத்தில் முப்பதாயிரத்துக்கு மேல் போனது. எங்கள் வீட்டில் அது சின்னத் தொகை இல்லை. ஆனாலும் நான் ஓஇடி பக்கம்தான் நிற்பேன். ஐஇஎல்டிஎஸ்ஸில் நகரப் போக்குவரத்து, விளம்பரம், விண்வெளி என்று எதைப் பற்றி வேண்டுமானாலும் 250 வார்த்தைக் கட்டுரை கேட்பார்கள். ஓஇடியில் நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து, அவரை அடுத்துப் பார்க்கப் போகிறவருக்குக் கடிதம் எழுதச் சொல்வார்கள். வார்டில் நிற்கிறவளுக்கு இரண்டாவது தெரிந்த வேலை.

மிஸ்ஸிடம் போவதற்கு முன் அண்ணா நகர்ப் பக்கம் ஒரு பெரிய பயிற்சி மையத்தில் சேர்ந்திருந்தேன். ஏசி, புரொஜெக்டர், கழுத்தில் தொங்கவிட அடையாள அட்டை எல்லாம் உண்டு. எம்பிஏ படிக்கக் கனடா போகிற பிள்ளைகளும் நாங்களும் ஒரே வகுப்பில். எங்கள் கையில் அச்சடித்த ஒரு மாதிரிக் கடிதத்தைக் கொடுத்து, பெயரையும் நோயையும் மட்டும் மாற்றி எழுதினால் போதும் என்றார்கள். எழுதிக் கொடுத்த கடிதம் திரும்பி வரும்போது மூலையில் 'குட்' என்ற ஒரு சொல்தான் இருக்கும். எங்கே தப்பு, ஏன் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. அதற்கு 18,000 ரூபாய். நைட் டூட்டி முடித்துவிட்டுத் தூங்காமல் பஸ் ஏறிப் போகிற பெண்களிடம் இப்படி வாங்குவது நியாயமே இல்லை. இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

மிஸ்ஸின் வகுப்பில் மாதம் 3,000 ரூபாய். ஒரு நேரத்தில் ஏழெட்டுப் பேருக்கு மேல் சேர்க்க மாட்டார், அந்த ஹாலில் அதற்கு மேல் நாற்காலியும் போட முடியாது. எல்லோரும் நர்சுகள். சர்ஜிக்கல், லேபர் வார்டு, டயாலிசிஸ் என்று கலவை. டூட்டி மாறினால் காலை வகுப்புக்குப் பதில் மாலைக்கு வரலாம், முந்தின நாள் ஒரு மெசேஜ் போட்டால் போதும். ஷிப்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த ஒன்று எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும்.

இனி முக்கியமான விஷயம், ரைட்டிங். ஓஇடி ரைட்டிங் மொத்தம் 45 நிமிடம். முதல் 5 நிமிடம் கேஸ் நோட்ஸைப் படிக்க மட்டும். மீதி 40 நிமிடத்தில் 180 முதல் 200 வார்த்தைக்குள் கடிதம். நோட்ஸில் வேண்டியது வேண்டாதது எல்லாமே கொட்டிக் கிடக்கும். இடுப்பெலும்பு அறுவை முடிந்து வீட்டுக்குப் போகிற 70 வயது அம்மா என்று வையுங்கள். சர்க்கரை உண்டு, பென்சிலின் அலர்ஜி, தனியாக இருக்கிறார், வீட்டில் மாடிப்படி, சின்ன வயதில் அப்பெண்டிக்ஸ் எடுத்தது, மகள் வெளியூர், தோட்ட வேலை பிடிக்கும், தையல் பிரிக்க வேண்டிய தேதி. நம் பழக்கம் எல்லாவற்றையும் எழுதிவிடுவது. வார்டில் ஒன்றை விட்டால் திட்டு விழும் இல்லையா, அந்தப் பழக்கம்.

மிஸ் பேனாவைத் திறப்பதற்கு முன் கேட்பது ஒன்றே: "இதை யாரும்மா படிக்கப் போறாங்க? அவங்க நாளைக்குக் காலைல அந்த வீட்டுக்குப் போய் என்ன செய்யணும்?" வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸுக்கு என்றால் டிரெஸ்ஸிங், தையல், சர்க்கரை, மாடிப்படி, அலர்ஜி. அப்பெண்டிக்ஸ் வேண்டாம். அதே அம்மாவைப் பற்றிப் பிசியோதெரபிஸ்ட்டுக்கு எழுதினால் எது முன்னால் வரும், எது விழும் என்று அடுத்த நாள் அதே நோட்ஸை வைத்து மறுபடி எழுத வைப்பார். தேர்வில் கடிதத்தை ஆறு அளவுகோல்களில் பார்க்கிறார்கள். எதற்காக எழுதுகிறோம் என்பது ஆரம்பத்திலேயே தெரிகிறதா என்பது அதில் ஒன்று, தேவையானது மட்டும் இருக்கிறதா என்பது இன்னொன்று, மொழி என்பது அதில் ஒரே ஒரு பங்குதான். இதை மிஸ் சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் விட்டது. எது முக்கியம் என்று பிரித்துப் பார்க்கும் வேலையை நாங்கள் தினமும் படுக்கைப் படுக்கையாகச் செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் சிவப்பு மையில் வரி வரியாகத் திருத்துவார். அடித்தால் பக்கத்தில் காரணம் எழுதுவார். ஒரே வகைத் தவறு திரும்ப வந்தால் போன வாரக் கடிதத்தை எடுத்து மேலே வைத்துக் காட்டுவார். அதற்காக எல்லோருடைய தாள்களையும் பெயர் போட்ட கோப்புகளில் வைத்திருக்கிறார். வயது எழுபதுக்கு மேல். கண்ணில் அறுவை செய்துகொண்டவர். ராத்திரி உட்கார்ந்து இத்தனை தாள்களைத் திருத்துகிறார் என்று நினைத்தாலே மனசு நெகிழ்கிறது.

ஸ்பீக்கிங் இன்னும் அருமை. தேர்வில் இரண்டு ரோல் பிளே. ஒவ்வொன்றுக்கும் அட்டையைப் படித்துத் தயாராக 3 நிமிடம், பேச 5 நிமிடம். எதிரில் இருப்பவர் நோயாளியாகவோ கூட வந்த உறவினராகவோ நடிப்பார். அவர் மார்க் போடுவதில்லை, பதிவான பேச்சைக் கேட்டு வேறு மதிப்பீட்டாளர்கள்தான் போடுவார்கள். உச்சரிப்பும் இலக்கணமும் மட்டும் பார்ப்பதில்லை. நோயாளியின் கவலையைக் கேட்டீர்களா, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று விசாரித்தீர்களா, சொன்னது புரிந்ததா என்று சரிபார்த்தீர்களா என்பதற்கும் மதிப்பெண் உண்டு.

மிஸ்ஸுக்கு மருத்துவம் தெரியாது. இதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். என் எண்ணம் நேர் எதிர். அவருக்கே சர்க்கரையும் பிபியும் இருக்கின்றன. ஆஸ்பத்திரி நாற்காலியில் காத்திருந்தவர். இன்சுலின் வேண்டாம் என்று அடம்பிடிக்கும் நோயாளியாக அவர் உட்கார்ந்தால் அது நடிப்பு மாதிரியே இருக்காது. நாங்கள் புத்தகச் சொல் ஒன்றைப் போட்டால், "எனக்குப் புரியலையே சிஸ்டர்" என்று நிறுத்திவிடுவார். சாதாரண மனுஷிக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்லும்வரை அடுத்த வாக்கியத்துக்குப் போக முடியாது. தேர்வு கேட்பதும் அதைத்தான்.

அவரிடம் இன்னொரு முறை உண்டு. நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ரோல் பிளேயை முதலில் தமிழில் செய்யச் சொல்வார். "உன் வார்டுல, காசிமேட்டுலேருந்து வந்த ஒரு ஆயா ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேங்குறாங்க. எப்படிப் பேசுவ? பேசு." என் கூடப் படித்த லேபர் வார்டு சிஸ்டர் ஒருத்தி அன்று பேசியது இன்னும் காதில் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, "ஆயா, எதை நெனச்சு பயப்படுறீங்க?" என்று ஆரம்பித்து, வீட்டில் யார் யார் என்று கேட்டு, வலி எப்படி இருக்கும் என்று மறைக்காமல் சொல்லி, கடைசியில் "நான் சொன்னதுல எது புரியல?" என்று முடித்தாள். மிஸ் விரல் விட்டு எண்ணிக் காட்டினார், மதிப்பெண் தரும் அத்தனை விஷயமும் அதில் இருந்தது. "இதேதான். இப்ப இங்கிலீஷ்ல." இதற்கப்புறம் அவள் ஆங்கிலத்தில் திக்கினாலும் வழி தவறவில்லை. நோயாளியோடு வந்த அட்டெண்டர்கள் சத்தம் போடும்போது சமாதானப்படுத்துகிற, நடுராத்திரி பயந்தவர்களின் கையைப் பிடித்துக்கொள்கிற நம் வேலைக்கு ஒரு ஆங்கில ஆசிரியர் இவ்வளவு மதிப்புக் கொடுத்து நான் பார்த்தது அங்கேதான்.

குறைகளும் இருக்கின்றன. லிசனிங்குக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர்தான். ஓஇடி லிசனிங்கில் ஒலிப்பதிவை ஒரு தடவைதான் போடுவார்கள், பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய உச்சரிப்பெல்லாம் வரும். தெருவில் தண்ணி லாரி ஹாரன் அடிக்க, அந்த ஸ்பீக்கரில் கேட்டுப் பழகுவது போதாது. வீட்டில் ஹெட்போன் போட்டு, ஓஇடி இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரித் தேர்வுகளைக் கட்டாயம் கேளுங்கள். கணினியில் தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு இங்கே டைப்பிங் பயிற்சி கிடையாது, எல்லாம் பேனாவும் தாளும்தான்.

ரீடிங் முதல் பகுதியில் 15 நிமிடத்தில் நாலு துண்டுகளைப் புரட்டி 20 கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். அதற்கு வேண்டிய வேகத்தை மிஸ் நன்றாகப் பழக்குகிறார். ஆனால் கடைசிப் பகுதியில் வரும் நீளமான கட்டுரைகளுக்கு அவர் ஒதுக்கும் நேரம் குறைவு. அதை நான் கொளத்தூர் முதல்வர் படைப்பகத்தில், அரசு அமைத்த படிப்பிடத்தில், உட்கார்ந்து தனியாகப் பார்த்துக்கொண்டேன். வீட்டில் இடமில்லாத பிள்ளைகளுக்கு அது பெரிய வரம்.

போக்குவரத்துக்கு வருவோம். வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கமிருந்து வருகிறவர்கள் பீச்சிலிருந்து ஆவடி, அரக்கோணம் போகும் மின்சார ரயிலைப் பிடித்தால் வியாசர்பாடி ஜீவா தாண்டிப் பெரம்பூர், வேலை முடிந்தது. மழை நாளில் ஷேர் ஆட்டோவை நம்ப வேண்டாம். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு ரைட்டிங்கில் 350, ஸ்பீக்கிங்கில் 370 வந்தது. கேட்டதைவிட ரைட்டிங்கில் 50 கூடுதல். கூடப் படித்தவர்களில் ஒருத்திக்கு லிசனிங்கில் மட்டும் மதிப்பெண் போதாமல் நின்றுவிட்டது. அவள் மனம் தளர வேண்டியதில்லை. சில நிபந்தனைகளோடு, 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களைச் சேர்த்துக் காட்ட என்எம்சி அனுமதிக்கிறது. இதையும் மிஸ்தான் விதிமுறையை அச்செடுத்து வைத்துச் சொல்லிக்கொடுத்தார். இன்னொன்று, பிரிட்டன் வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சி நர்ஸிடம் வேலை வாங்கித் தரப் பணம் வாங்கக் கூடாது என்பது அந்த நாட்டு நடத்தை விதி. யாராவது லட்சத்தில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் நம் அரசின் ஓஎம்சிஎல் நிறுவனம் கிண்டியில் இருக்கிறது, முதலில் அங்கே போய் விசாரியுங்கள்.

அடிப்படை இலக்கணமே இன்னும் பிடிபடாதவர்கள் நேராக இங்கே வர வேண்டாம். கொஞ்ச நாள் அதைத் தனியாகப் படித்துவிட்டு வந்தால் கொடுக்கும் பணத்துக்கு முழுப் பலன் கிடைக்கும். வார்டில் ரெண்டு மூணு வருஷம் நின்றவர்கள், பேச்சு தடுக்கிறது, கடிதம் நீள்கிறது என்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். முகவரியைப் பொதுவில் போட வேண்டாம் என்று மிஸ் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கேட்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். போனில் சேர்த்துக்கொள்ள மாட்டார், சனிக்கிழமை மாலை நேரில் போங்கள். ஞாயிறு என்றால் சர்ச்சில் பூசை முடிந்து அவர் வீடு திரும்பப் பத்து மணிக்கு மேல் ஆகும். முதல் நாளே ஒரு கேஸ் நோட்ஸைக் கொடுத்து எழுதச் சொல்வார், பேனா எடுத்துப் போங்கள்.