நள்ளிரவுச் சூரியனை நண்பகலில் காட்டினார்கள்

நாகர்கோவிலில் ஒரு பயண நிறுவனம் நார்வே கடற்கரைக் கப்பல் பயணத்துக்கு மறுபடியும் ஆள் சேர்க்கிறது. பெயரை எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும், அதனால் எழுதவில்லை. உங்கள் கைக்கு வரும் துண்டறிக்கையில் ‘நார்த் கேப்பில் நள்ளிரவுச் சூரியன், கரையிறங்கும் சுற்றுலாக்கள் அனைத்தும் உட்பட’ என்று கொட்டை எழுத்தில் இருந்தால் இந்தப் பதிவைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இவர்களிடம் பணம் கட்டிப் போய்வந்தவன் நான். கப்பலைக் குறை சொல்ல மாட்டேன். பெர்கனிலிருந்து கிர்கெனெஸ் வரை 34 துறைமுகங்களில் நின்று செல்லும் பழைய தடம் அது, 1893இல் தொடங்கியது. சரக்கும் உள்ளூர் ஆட்களும் ஏறி இறங்குவார்கள். பல ஊர்களில் கால் மணி நேரம்தான் நிற்கும். நம் ஊர் பஸ்ஸைப் போலக் கைகாட்டி நிறுத்த முடியாது, அவ்வளவுதான் வேறுபாடு. லோஃபோட்டன் தீவுகளில் மீன் உலர்த்தும் மரச்சட்டங்களைப் பார்த்தோம். பிப்ரவரி முதல் மே வரை உப்பே போடாமல் குளிர்காற்றிலேயே கோட் மீனைக் காயவைக்கிறார்களாம். குளச்சல்காரியான என் மனைவி, “உப்பில்லாமல் ஒரு கருவாடா?” என்று கடைசிவரை நம்பவில்லை.

ஆறாம் நாள்தான் வில்லங்கம். ஹோனிங்ஸ்வோக் துறைமுகத்தில் முற்பகல் பதினொரு மணியளவில் கப்பல் வந்து நின்றது. அங்கிருந்து 34 கிலோமீட்டர் போனால், வடக்குக் கடலைப் பார்த்து நிற்கும் பாறைமுனையான நார்த் கேப். நானும் மனைவியும் மைத்துனரும் கப்பலின் சுற்றுலா மேசைக்குப் போனோம். அங்கிருந்த பெண் பட்டியலை இரண்டு முறை பார்த்தாள். எங்கள் பெயர் இல்லை. பஸ்ஸில் இடமும் இல்லை. நாகர்கோவிலுக்கு அழைத்தால், “அண்ணாச்சி, பதற்றப்படாதீர்கள், நம்முடைய வேன் வெளியே நிற்கிறது” என்றார்கள்.

வேன் நிற்கவில்லை. ஐம்பது நிமிடம் கழித்து வந்தது. வந்தது நேரே ஒரு பரிசுப்பொருள் கடைக்குப் போனது. துருவ மான் தோலும் கொம்பும் விற்கும் கடை. ‘துருவ மான் பண்ணை’ என்று துண்டறிக்கையில் போட்டிருந்தது இதைத்தானாம். அந்தத் தீவில் கோடையில் துருவ மான்கள் சாலையோரத்திலேயே மேய்கின்றன, யாரும் காசு கேட்பதில்லை. கடையில் முக்கால் மணி நேரம் போனது.

நார்த் கேப்பை அடைந்தபோது மணி ஒன்றே கால் தாண்டிவிட்டது. கப்பல் புறப்படுவது இரண்டே முக்காலுக்கு. ஓட்டுநர் இருபத்தைந்து நிமிடம் கொடுத்தார். அங்குள்ள பார்வையாளர் மண்டபத்துக்குள் போக டிக்கெட் தனி, அது எங்கள் கணக்கில் இல்லை. 307 மீட்டர் உயரப் பாறை, முனையில் இரும்பாலான உலக உருண்டை, கீழே கடல் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை மூடுபனி. மூடுபனிக்கு நான் யாரையும் திட்டவில்லை. முட்டத்தில் மழை பெய்தால் யாரைக் கேட்பது?

திட்டுவது சூரியனுக்காக. மே 14 முதல் ஜூலை 29 வரை அங்கே சூரியன் மறைவதில்லை என்பது உண்மை. ஆனால் வடக்கே போகும் கப்பல் அங்கே நிற்பது பட்டப்பகலில். தெற்கே திரும்பும்போது விடியற்காலையில். நள்ளிரவில் அந்தப் பாறைமேல் நிற்க வேண்டுமானால் ஹோனிங்ஸ்வோக்கில் இறங்கி இரவு தங்க வேண்டும். துண்டறிக்கை எழுதியவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. சித்ரா பௌர்ணமிக்குக் கன்னியாகுமரிக் கரையில் ஒரு பக்கம் சூரியன் இறங்க மறுபக்கம் நிலா ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். சூரியன் விஷயத்தில் நாளும் நேரமும் சேர்ந்து பொருந்த வேண்டும் என்று எனக்கும் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

திரும்பும்போது மைத்துனர் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கப்பல் நிறுவனமே அழைத்துச் செல்லும் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வெளி வேனில் போனவனுக்காகக் காத்திருக்காது. அடுத்த துறைமுகம் வேறொரு தீபகற்பத்தில், சாலை வழியே ஓடிப் பிடிக்க முடியாது. இரண்டரைக்குப் படகுத்துறையை அடைந்தோம். மனைவிக்கு மூச்சு வாங்கியது.

ஊர் திரும்பி அலுவலகத்துக்குப் போனேன். தலைக்கு 48,000 ரூபாய் சுற்றுலாக்களுக்கென்று தனியாக வாங்கியிருந்தார்கள். “வானிலைக்கு நாங்கள் பொறுப்பில்லை சார்” என்றார் மேலாளர். போனில் ‘அண்ணாச்சி’, பணம் கேட்டால் ‘சார்’.

பணம் கட்டும் முன் கப்பலின் கால அட்டவணையை வாங்கி, எந்த ஊரில் எத்தனை மணிக்கு நிற்கிறது, எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்று பாருங்கள். கரையிறங்கும் சுற்றுலா, கப்பலின் சுற்றுலா மேசையில் உங்கள் பெயரிலேயே பதிவாகியிருக்கிறதா என்று கேட்டு, பதிவு எண்ணை வாங்குங்கள். “உட்பட” என்றால் நுழைவுக் கட்டணமும் சேர்த்தா என்று எழுத்தில் கேளுங்கள்.

நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப்போகிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்த சேவைக்கு மனுக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். ரசீது பத்திரமாக இருக்கிறது. துண்டறிக்கையில்தான் ‘அனைத்தும் உட்பட’ என்ற வரி இருந்த மூலையைப் பேரன் கிழித்துவிட்டான். கிழியாத பிரதி யாரிடமாவது இருந்தால் கொடுத்து உதவுங்கள்.