நன்றி டைரி: வாங்கலாம், தேதியை மட்டும் கண்டுகொள்ளாதீர்கள்

மை பின்பக்கம் ஊறாத தாள், தட்டையாக விரித்து வைக்க முடிகிற பைண்டிங். பொருளாகப் பார்த்தால் இந்த நன்றி டைரியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் பேச வந்தது உள்ளே அச்சிட்டிருப்பதைப் பற்றி.

ஒவ்வொரு பக்கத்திலும் அன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களை எழுத இடம், ஒவ்வொன்றின் கீழும் 'இது ஏன் நடந்தது?' என்று ஒரு வரி. அந்த வரிக்காகவே இதை வாங்கலாம். 2005-ல் உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் அவர் குழுவினரும் சோதித்துப் பார்த்த பயிற்சி இதுதான்: ஒரு வாரம், தினமும் இரவில் மூன்று நல்ல விஷயங்கள், கூடவே அவற்றின் காரணம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் பயிற்சி செய்தவர்களுடைய மகிழ்ச்சி கூடியிருந்தது, மனச்சோர்வு குறைந்திருந்தது. காரணம் எழுதாவிட்டால் குடும்பம், உடல்நலம், வேலை என்று அதையேதான் திரும்பத் திரும்ப எழுதுவோம். எழுதும்போது, கேட்காமலே என் வேலையில் பாதியை எடுத்துக்கொண்ட சக ஊழியர் ஏன் அப்படிச் செய்தார் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது, அப்போதுதான் அந்த மனிதர் நம் கண்ணுக்கே தெரிகிறார்.

சரி, குறைக்கு வருவோம். வருடம் முழுக்கத் தேதி போட்டு, விட்டுப்போன நாளைக் காட்ட ஒரு கட்டமும் வைத்திருக்கிறார்கள். இது தேவையே இல்லை. சோன்யா லியுபோமிர்ஸ்கி குழுவினரின் ஆறு வார ஆய்வில் வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்கு இல்லை. கடமைக்கு எழுதினால் மனம் ஒட்டாது என்பது என் அனுபவமும்கூட. எம்மன்ஸும் மெக்கல்லோவும் 2003-ல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்விலும் ஒரு மாணவர் குழு வாரம் ஒருமுறைதான் எழுதியது, அதற்கே அவர்கள் வாழ்க்கையில் கூடுதல் நிறைவை உணர்ந்தார்கள், உடற்பயிற்சிகூட அதிகம் செய்தார்கள்.

பின்னட்டையில் 'மன அழுத்தத்துக்கும் பதற்றத்துக்கும் தீர்வு' என்று போட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2021-ல் வந்த அலசல், மனச்சோர்விலும் பதற்றத்திலும் நன்றிப் பயிற்சிகளின் பலன் சிறிதுதான் என்கிறது. சிகிச்சை தேவைப்படும் ஒருவர் இந்த வாசகத்தை நம்பி மருத்துவரிடம் போகாமல் இருந்துவிட்டால் என்ன ஆவது? தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

அப்புறம், கடைசியில் கிழித்து அனுப்பும்படி சில கடிதத் தாள்கள் இருக்கின்றன. பலர் தொடாமலே விட்டுவிடுவார்கள், ஆனால் டைரியின் சிறந்த பகுதி அதுதான். நன்றிக் கடிதம் எழுதுபவர்கள், வாங்குபவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்று அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள், அவர் எவ்வளவு மகிழ்வார் என்பதையோ குறைத்தே நினைக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் குமாரும் எப்லியும் 2018-ல் காட்டினார்கள். அடுத்த பதிப்பில் தேதிகளை நீக்கிவிட்டு இந்தத் தாள்களை இன்னும் நிறைய வைத்தால், நான் பரிசாகக் கொடுக்கவும் சேர்த்து வாங்குவேன்.