செகண்ட் ஹேண்ட் குரோம்புக்: ஒரு சர்வீஸ்காரரின் மதிப்பீடு

தங்கச்சிமடத்தில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகள் படிக்க, கூகுளின் குரோம் ஓ.எஸ். ஓடும் லேப்டாப்பான குரோம்புக்கைப் பழையதாக வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் தயங்காமல் வாங்கச் சொல்கிறேன். ஆன் செய்ததும் முதலில் ஓடும் புரோகிராமான பயாஸ் இருக்கும் அதன் ஃபிளாஷ் சிப்பை, தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கும் விதம்தான் காரணம்.

இங்கே காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே கரண்ட் போய்விடும். பேட்டரி செத்த லேப்டாப்பில் அந்த நேரம் பயாஸ் அப்டேட் ஓடினால், பல மாடல்கள் டெட்டாகத்தான் என் மேசைக்கு வரும். குரோம்புக்கின் ஃபிளாஷ் சிப்பில் ஃபேக்டரியிலேயே எழுதிப் பூட்டிய ஒரு பகுதியும், அப்டேட்டுக்கென்று ஏ, பி என இரண்டு பகுதிகளும் உண்டு. ஏ ஓடிக்கொண்டிருந்தால் புதியது பி-யில் இறங்கும். ஆன் செய்ததும் பூட்டிய பகுதியிலுள்ள சாவி, அடுத்து ஓடப்போவதன் டிஜிட்டல் கையெழுத்தை (அசல்தான் என்று காட்டும் அடையாளத்தை) சரிபார்க்கும். பொருந்தவில்லையா, மற்றதை எடுக்கும். இரண்டுமே கெட்டிருந்தால், பென்டிரைவிலிருந்து மீட்கச் சொல்லும் ரெக்கவரி திரை வரும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கீபோர்டு, சார்ஜிங், பவரைக் கவனிக்கும் ஈ.சி. சிப். அதன் ஃபிளாஷிலும் ஒரு பகுதி பூட்டியது, ஒரு பகுதி மாற்றக்கூடியது. பெரும்பாலான மாடல்களில், ஆன் ஆகும்போது பயாஸ் அந்த மாற்றக்கூடிய பகுதியின் ஹாஷை (உள்ளே இருப்பதிலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணை) தன்னிடம் இருப்பதோடு ஒப்பிடும். வேறாக இருந்தால் தானே திரும்ப எழுதிவிடும். எழுதுவது நடுவில் நின்றாலும் பூட்டிய பகுதி மெஷினை எழுப்பிவிடும்.

பாம்பனிலிருந்து ஒரு அக்கா தன் மகளுடைய குரோம்புக்கைக் கொண்டுவந்து, "அண்ணே, போர்டு போயிருச்சா?" என்றார். எஸ்கேப், ரீஃப்ரெஷ், பவர் மூன்றையும் சேர்த்து அழுத்தி, 8 ஜிபி ரெக்கவரி பென்டிரைவைச் சொருகினேன். ஸ்குரூவே கழற்றாமல் வேலை முடிந்தது. மெஷினுக்குள் சேமித்த ஃபைல்கள் மட்டும் அழிந்துவிடும். அதை முன்பே சொல்லிவிட்டேன்.

குறையும் உண்டு. பூட்டிய பகுதியிலேயே பிழை இருந்தால் சாதாரண அப்டேட்டில் தீராது. பல மாடல்களில் ஸ்டோரேஜ் போர்டிலேயே சால்டர் செய்திருப்பதால், அது போனால் செலவுதான்.

சர்வீஸ் நண்பர்களுக்கு: பழைய மாடல்களில் ரைட் புரொடெக்ட் (பூட்டிய பகுதியில் எழுதவிடாமல் தடுப்பது) என்பது போர்டிலுள்ள ஒரு ஸ்குரூ. அதைக் கழற்றுமுன் சிப்பை ரீட் செய்து பத்திரப்படுத்துங்கள், சீரியல் நம்பர் அதற்குள்தான் இருக்கிறது. சில மாடல்களில் 1.8 வோல்ட் சிப் இருக்கும்; அவற்றில் 3.3 வோல்ட் புரோகிராமரை (சிப்பைப் படித்து எழுதும் கருவியை) நேரடியாக மாட்டாதீர்கள்.

அப்புறம், வாங்குபவர்கள் செட்டிங்ஸில் அப்டேட் எந்தத் தேதி வரை என்று பாருங்கள். 2021 முதல் வந்தவற்றுக்கு 10 வருட அப்டேட் என்று கூகுள் 2023-ல் அறிவித்தது. அதற்கு முந்தைய மாடல் என்றால் தேதியைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.